தீவுகளின் ஒற்றைத் தொகுதியும் தேர்தல் பணமும்

சட்டமன்றம் இல்லாத அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மக்களவையில் ஒரே இடம்தான் உண்டு. அதிலும் குடியரசுத் தலைவர் நியமித்தவரே அமர்ந்துவந்ததால், நாட்டின் பெரும்பகுதி 1952 முதல் பெற்றிருந்த நேரடித் தேர்தல் 1967இல்தான் தீவினரை எட்டியது. அமெரிக்காவின் குவாம் தீவினராலோ, குடியுரிமை இருந்தும் இன்றுவரை அதிபர் தேர்தலில் வாக்களிக்க இயலாது என்பதோடு, அவர்களின் பிரதிநிதிக்கும் சட்டங்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் உரிமையில்லை என்பதை எண்ணினால், அந்தமானியர் பெற்றது சிறிதன்று.

பணத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. அந்தமானில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 75 லட்சம் ரூபாய். அமெரிக்காவிலோ தேர்தல் செலவைப் பேச்சுரிமையோடு இணைத்த உச்ச நீதிமன்றம், அரசு நிதி பெறாத வேட்பாளர்களுக்கு வரம்பு விதிப்பதையே 1976இல் தடுத்துவிட்டது. நன்கொடையாளர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது மிகவும் வரவேற்கத்தக்கது. எனினும் கட்சிகளின் செலவுக்கு இங்கும் இன்னும் வரம்பில்லை.