பழைய டேட்டாவை டெலிட் செய்யலாமா?

ஒரகடத்தில் வாகன உதிரி பாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், சோதனைப் பிரிவின் கம்ப்யூட்டரை சில ஆண்டுகள் கவனித்து வந்தேன். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. பழைய சோதனை பைல்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணி, மொத்தமாக டெலிட் செய்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ஒரு பாகத்தில் விரிசல் என்று புகார் வந்தது. எந்தத் தேதியில் இருந்து இந்தக் கோளாறு என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

பழைய டேட்டாவின் மதிப்பை எனக்குப் பின்னர் புரிய வைத்தது அணுக்கரு ஆய்வு ஒன்று.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஜெபர்சன் ஆய்வகம் உள்ளது. நம் பழைய குண்டு மானிட்டர்களில் எலக்ட்ரான்கள் சுமார் 25,000 வோல்ட் மின்னழுத்தத்தில் பாய்ந்து திரையில் மோதும். இந்த ஆய்வகத்தில் 2004ல் அதைப் போல இரண்டு லட்சம் மடங்கு, அதாவது சுமார் 500 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில், கார்பன், அலுமினியம், இரும்பு, ஈயம் ஆகியவற்றின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டனர். சிதறிய எலக்ட்ரானையும், அணுக்கருவில் இருந்து தெறித்த புரோட்டான்களையும் கிளாஸ் என்ற கருவி பதிவு செய்தது.

கேரம் போர்டில் ஒட்டியிருக்கும் இரண்டு காய்களில் ஒன்றை அடித்தால் மற்றதும் நகர்கிறது அல்லவா? அணுக்கருவிலும் சில துகள்கள் கணநேரம் மிக நெருங்கி ஜோடி சேர்கின்றன. கார்பனில் ஏறக்குறைய 20 சதவீதத் துகள்கள் இப்படி ஜோடியாக இருப்பதையும், அவற்றில் பெரும்பாலானவை புரோட்டான்-நியூட்ரான் ஜோடிகளே என்பதையும் அதே ஆய்வகத்தின் வேறொரு சோதனை 2008ல் காட்டியது.

ஈயத்தில் 82 புரோட்டான்கள், 126 நியூட்ரான்கள். அங்கே என்ன நடக்கும்? இதற்காகப் புதிய சோதனை எதுவும் செய்யவில்லை. 2004ம் ஆண்டு டேட்டாவையே மீண்டும் அலசினார்கள். 2014ல் விடை வெளியானது. ஈயத்திலும் புரோட்டான்-நியூட்ரான் ஜோடிகளே அதிகம்! கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் பெண்கள் குறைவாக இருந்தால், ஒவ்வொரு பெண்ணும் அதிக ஆட்டம் ஆட வேண்டியிருக்கும். அதேபோல, எண்ணிக்கையில் குறைந்த புரோட்டான்கள்தான் சராசரியாக அதிக வேகத்தில் ஓடுகின்றன. நியூட்ரான் நட்சத்திரங்களைப் புரிந்துகொள்ள இது உதவும். 2018ல் அதே டேட்டாவில் நியூட்ரான்களையும் நேரடியாகத் தேடி எடுத்து இந்த முடிவை உறுதி செய்தனர்.

கிளாஸ் கருவி 2012ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் டேட்டா ஓய்வு பெறவில்லை.

எனவே வாசகர்களே, டிஸ்க் நிரம்பினால் உடனே டெலிட் பட்டனைத் தேடாதீர்கள். வேறு டிஸ்க்கில் இரண்டு காப்பி எடுங்கள். ஒன்றை வேறு இடத்தில் வையுங்கள். பைல் பெயரில் தேதி இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது, எப்படி எடுத்தது என்று ஒரு டெக்ஸ்ட் பைலில் நாலு வரி எழுதி வையுங்கள். அந்த நாலு வரி இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்து அது வெறும் எண்களின் குவியல்தான்.