கோடுகள் பிரிந்த கதை: பலெர்மோவின் ஒரு பேராசிரியர்

பலெர்மோவில் வாழும் எம்மவரிற் பலர் தாவரவியற் பூங்காவை அண்டிச் செல்லும் ஆர்க்கிராஃபி வீதியை அறிவர். ஆயினும், வீட்டுவேலைக்கு விரையும் காலைப்பொழுதில், அங்குள்ள பல்கலைக்கழகப் பௌதிகக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்க எவருக்கு நேரமுண்டு? அத்துறை இன்று எமிலியோ செக்ரே என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1936 முதல் 1938 வரை இந்நகரின் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய யூதர் அவர்.

சுவாலையில் உப்பைத் தூவினால் மஞ்சள் ஒளி எழுவதை அடுக்களையிலேயே காணலாம். அவ்வொளியை நிறமாலையாக விரித்தால், நெருங்கி நிற்கும் இரு கோடுகள் தென்படும். சுவாலையை வலிய காந்த முனைகளுக்கிடையே வைத்ததும் அக்கோடுகள் அகல்வதை 1896 இல் ஒல்லாந்தின் லைடன் நகரிற் கண்டவர் பீற்றர் சீமன். சுற்றிவரும் இலத்திரன் ஒரு நுண்காந்தம் போன்றது. புலத்தில் அது குறித்த சில நிலைகளிலேயே நிற்க இயலும். ஒவ்வொரு நிலைக்கும் சக்தி சிறிது வேறுபடுவதால், ஒரு கோடு பலவாகப் பிரிகிறது.

மின்புலமும் ஐதரசனின் கோடுகளைப் பிரிக்குமென 1913 இல் யோகன்னஸ் ஸ்டார்க் காட்டினார். அதே ஆண்டு புளோரன்சில் அதனைத் தனித்துக் கண்டவர் சிசிலியின் சிரகூசாவிற் பிறந்த அந்தோனினோ லோ சூர்தோ. இத்தாலியர் இன்றும் இருவர் பெயரையும் சேர்த்தே அவ்விளைவைச் சொல்வர். ஸ்டார்க் பின்னாளில் ‘யூதப் பௌதிகம்’ ஒழிகவென முழங்கி இற்லரின் பக்கம் நின்றார். அறிவு மனிதனைத் திருத்தும் என்று விரிவுரை மண்டபத்தில் நானும் ஒருகாலத்திற் சொல்லியிருக்கிறேன்.

செக்ரே இளமையில் அம்ஸ்டர்டாம் சென்று சீமனின் ஆய்வுகூடத்திலேயே பயின்றவர். 1938 கோடையிற் சில மாத ஆய்வுக்கெனக் கலிபோர்னியாவின் பேர்க்லிக்குப் புறப்பட்டார். அவர் அங்கிருக்கையிலேயே முசோலினியின் இனச்சட்டங்கள் பிறந்தன; பலெர்மோப் பதவி பறிபோனது. மாதம் 300 டொலர் வழங்கிவந்த ஆய்வுகூடத் தலைவர் லோறன்ஸ், இவர் திரும்பிச் செல்ல இடமற்றவர் என அறிந்ததும் அதனை 116 டொலராகக் குறைத்தார். நம் வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அந்நிலையிலும் அவர் பழைய கோடுகளை மறக்கவில்லை. பிரான்சிஸ் ஜென்கின்சுடன் சேர்ந்து, சைக்கிளோட்ரோன் பொறியின் பெருங்காந்தத்தில் சோடியம், பொற்றாசியம் ஆவிகளை ஆராய்ந்து 1939 இல் முடிவை வெளியிட்டார். வழமையான சீமன் பிரிவு புலவலிமைக்கு நேர்விகிதமாக வளர்வது. இவர்கள் கண்டதோ வேறு. கருவை விட்டு மிகத் தொலைவிற் சுற்றும் இலத்திரனின் கோடுகள் புலவலிமையின் வர்க்கத்துக்கு ஏற்ப இடம்பெயர்ந்தன. சுற்றுப்பாதையின் இலக்கம் இருமடங்கானால் இப்பெயர்ச்சி ஏறத்தாழப் பதினாறு மடங்காகும். அருகிருக்கும் இலத்திரனிடத்து அது கண்ணுக்கே புலப்படாது.

அவருடைய பெற்றோர் இத்தாலியிலேயே தங்கிவிட்டனர். 1943 ஒக்டோபரில் நாசிப் படையினர் தாயாரைப் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை.