ஆறு கிலோமீட்டர் கட்டத்துக்குள் பவானிபூர்

2025 செப்டம்பர் 22. மகாளய அமாவாசை அப்போதுதான் முடிந்திருந்தது. துர்கா பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை; தெற்குக் கொல்கத்தா முழுக்கப் பந்தல் வேலை. அன்று நள்ளிரவுக்குப் பின் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. 24 மணி நேரத்துக்குள் கொல்கத்தாவில் 251.4 மில்லிமீட்டர்; 1986க்குப் பிறகு ஒரே நாளில் இவ்வளவு கொட்டியதில்லை. மாநகராட்சியின் மழைமானிகளைப் பார்த்தால் பேட்டைக்குப் பேட்டை கணக்கு வேறு. கரியா காம்டஹரியில் 332, காளிகாட்டில் 280, வடக்கே டந்தனியாவில் 195. காளிகாட்டை ஒட்டி வடக்கே இருப்பதுதான் பவானிபூர். மைதான் நிலையத்துக்குத் தெற்கே மெட்ரோ ஓடவில்லை. (இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபரில் எஸ்பிளனேடில் புறப்பட்டு வந்து நின்ற இடம் பவானிபூர்.) நகரிலும் சுற்றுப்புறத்திலும் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது, தேங்கிய தண்ணீரில் பாய்ந்த மின்சாரம்.

மழையைக் கொண்டுவந்தது வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. அது வரப்போவதையும் கனமழை பெய்யக்கூடும் என்பதையும் முன்பே சொல்லியிருந்தார்கள். எந்தப் பேட்டையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

சொல்ல வேண்டிய அலுவலகம் தூரத்தில் இல்லை. பவானிபூரின் மேற்கு எல்லையில் ஓடும் ஆதி கங்கையைத் தாண்டினால் அலிப்பூர். அங்கே டூயல் அவென்யூவில் இந்திய வானிலைத் துறையின் கிழக்கு மண்டலத் தலைமையகம் இருக்கிறது. பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தையான மகாலனோபிஸ் 1922 முதல் 1926 வரை இந்த அலிப்பூரில்தான் வானிலையாளராக இருந்தார். வானிலைத் துறையே 1875இல் கொல்கத்தாவில் பிறந்ததுதான். அதற்குக் காரணமான பேரழிவுகளில் ஒன்று 1864 அக்டோபர் 5 புயல். ஏறத்தாழ 60,000 பேர் போனார்கள். மறு ஆண்டே கொல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது.

அதற்கும் முன்னால் இந்த ஊரில் ஒருவர் கணித்துக்கொண்டிருந்தார். ஹென்றி பிடிங்டன், முன்னாள் மாலுமி. கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தில் உட்கார்ந்து, புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் குறிப்பேடுகளைச் சலிக்காமல் படித்தார். காற்று வட்டமாகச் சுழலும் விதத்தைக் கண்ணாடிபோல் தெரியும் கொம்புத் தகட்டில் வரைந்து, கடல் வரைபடத்தின் மேல் வைத்து நகர்த்தச் சொல்லி 1848இல் மாலுமிகளுக்குப் புத்தகம் போட்டார். வங்கக் கடலுக்கான முதல் கணிப்பு மாதிரி அந்தக் கொம்புத் தகடுதான் என்பேன். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டப் பேச்சு எழுந்தபோது, கடல் பொங்கி வந்து அழித்துவிடும் என்று 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குக் கடிதம் எழுதினார். யார் கேட்டார்கள்? கேனிங் துறைமுகம் எழுந்தது. 1867 நவம்பரில் புயல் வந்து அதை முடித்துவைத்தது. பிடிங்டன் 1858இலேயே இறந்துவிட்டார்.

இன்று கொம்புத் தகட்டின் இடத்தில் சூப்பர் கம்ப்யூட்டர். காற்றையும் கடலையும் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரம், அழுத்தம், காற்று எப்படி மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே போகிறது. கடலின் நிலவரத்தைத் தருபவை செயற்கைக்கோள்களும், சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் நட்டுவைத்த மிதவைகளும், தானே மூழ்கி எழும் ஆர்கோ மிதவைகளும். அலை, நீரோட்டம், புயலோடு வரும் கடல் பெருக்கு ஆகியவற்றை ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கணிக்கிறது.

புயலின் பாதையைச் சொல்வதில் இந்தக் கணிப்பாளர்கள் சாதித்துவிட்டார்கள், தயங்காமல் பாராட்டலாம். 1999 ஒடிசா புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரைக்கு வந்த பைலின் புயலில் 50 பேருக்கும் குறைவு. 2020 மே 20 அன்று ஆம்பன் சுந்தரவனத்தில் கரையேறி அலிப்பூரில் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் வீசி மரங்களைச் சாய்த்தது. கொரோனா ஊரடங்குக்கு நடுவிலும் லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்த முடிந்தது.

புயலின் பலம்தான் இன்னும் பிடிகொடுக்காதது. காரணம் இந்தக் கடலின் குணம். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர், உப்புநீரின் மேல் லேசாகப் படர்ந்து நிற்கிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. மற்றக் கடல்களில் புயல் கடக்கும்போது அடியிலுள்ள குளிர்நீர் கலங்கி மேலே வந்து புயலின் வேகத்தைக் குறைக்கும்; இங்கே பல சமயம் அந்தத் தடை வேலை செய்வதில்லை. மேல்நீர் சூடாகவே இருந்து புயலுக்குத் தீனி போடுகிறது. இந்தக் கடலின் மேலடுக்கும் பருவமழையும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று அளக்க 2016இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வினயச்சந்திரனும் பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் ‘சிந்து சாதனா’ கப்பலில் வங்கக் கடலுக்குப் போனார்கள்.

பாதை, பலம் தாண்டி மூன்றாவது ஒன்று உண்டு: ஓதம். கடல் ஏறி இறங்குவது. அதன் ஏற்றத்தைக் கொல்கத்தாக்காரர்கள் ஜோயார் என்பார்கள். 2021 மே 26 அன்று யாஸ் புயல் கரையேறியது தள்ளி, ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே. ஆனால் அன்று பௌர்ணமி. ஏற்றமும் புயல் பெருக்கும் சேர்ந்ததில் சாகர் தீவும் கோராமாராவும் மூழ்கின. ஹூக்ளி ஆற்றில் ஏற்றம் வரும்போது கொல்கத்தாவின் வடிகால் மதகுகளை, அதாவது லாக் கேட்டுகளை, மூடியாக வேண்டும். திறந்தால் ஆறு தெருவுக்குள் வரும். மூடினால் மழைநீர் வெளியேறாது. 2025இல் பவானிபூர் மூழ்கியது அமாவாசையை ஒட்டிய நாளில், அதாவது ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நாட்களில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அடையாறும் கூவமும் கடலில் சேர முடியாமல் திணறியதைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல.

அந்த மழைக்கு முன்பே, 2025 மே மாதம், வானிலைத் துறைக்கு ‘பாரத் முன்கணிப்பு அமைப்பு’ வந்தது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமான ஐஐடிஎம் உருவாக்கியது. 12 கிலோமீட்டராக இருந்த கட்டம் 6 ஆகச் சுருங்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டம் 36 சதுர கிலோமீட்டர். 206 சதுர கிலோமீட்டர் மாநகராட்சிக்குள் ஆறு கட்டங்கூட முழுசாக அடங்காது. பவானிபூர், அலிப்பூர், காளிகாட் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் போய்விடும். அன்றிரவு பேட்டைக்குப் பேட்டை இருந்த வித்தியாசம் அதில் எப்படித் தெரியும்? கடைசிச் சில மணி நேரத்துக்கு ரேடார்தான் கதி. அதைப் பார்த்துத் தெருவாரியாக எச்சரிக்க நகரத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டும்.

அது வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஏற்ற இறக்க நேரங்கள் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிடப்பட்டு அட்டவணையாக வருகின்றன. ரேடாரைவிட நிச்சயமான கணிப்பு அது. கனமழை எச்சரிக்கையோடு அன்றைய ஏற்ற நேரத்தையும் லாக் கேட் மூடும் நேரத்தையும் சேர்த்து ஒரே குறுஞ்செய்தியாகத் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு அனுப்ப, கொல்கத்தா மாநகராட்சிக்கும் சரி, சென்னை மாநகராட்சிக்கும் சரி, எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் தேவையில்லை.