எதிரி முகம் இல்லாமல் போராட முடியுமா?

மக்களைத் திரட்ட எதிரிக்கு ஒரு முகம் வேணும் என்பார் அமெரிக்கர் சால் அலின்ஸ்கி. 1971-ல் வந்த அவருடைய 'ரூல்ஸ் ஃபார் ரேடிகல்ஸ்' ஒரு ஆளைக் குறிவைக்கச் சொல்லும்; கேலியை ஆயுதம் என்கும். சிகாகோவில் கத்தோலிக்கக் குருமார் அவரோடு சேர்ந்து வேலை செய்திருக்காங்க. ஆனா இயேசு பகைவரையும் நேசிக்கச் சொன்னாரே?

இடிந்தகரையைப் பாருங்க. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-ல் லூர்து மாதா கோயில் முன்பு உண்ணாவிரதம். 2012 செப்டம்பரில் கடலில் இறங்கி நின்றார்கள். இந்த ரெண்டு வழியிலும் நிர்ப்பந்தம் உண்டு. ஆனா வலி போராடுறவங்க உடம்புக்குத்தான். யாரையும் அவமானப்படுத்தத் தேவையில்லை.

அதனால என் அளவுகோல் இது: விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தலாம், முதலாளிக்கு நட்டமும் வரலாம். அவர் குடும்பத்தை ஊர் சிரிக்க வைக்கக் கூடாது. நாளைக்கு உட்கார்ந்து பேச வேண்டியது அதே ஆளோடுதான்.