பாம்பனில் படகேறுமுன்

டீயை ஆற்றிக் குடியுங்கள், சொல்கிறேன். ஜவ்வாது மலைக்காரர்களான நமக்குப் படகு என்றால் ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரிதான். கடலில் போய்த் தீவையும் அங்குள்ள உயிர்களையும் பார்க்க ஆசைப்பட்டால் வெளிநாட்டுக் கப்பல் எதற்கு? பாம்பனுக்குப் போங்கள்.

மன்னார் வளைகுடாவில் ராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக 21 தீவுகள். 1986இல் இவை கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல் தீவு கரைந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகில் அழைத்துப் போகிறது. அடியில் கண்ணாடி பதித்த படகும் இந்தப் பக்கம் உண்டு. அதில் குனிந்து பார்க்கும்போது மான்கொம்புப் பவளத்தின் நுனியைக் கவனியுங்கள். நுனி மட்டும் வெளுத்திருந்தால் அது வளர்கிறது. கிளை முழுக்க வெளுத்திருந்தால் சூடு தாங்கவில்லை. பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடுவது ஒரு நுண்பாசி. கடல் மிகவும் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் பட்டினி. 2010இலும் 2016இலும் இங்கே அப்படித்தான் நிறைய வெளுத்தது.

எல்லோரும் கேட்பது ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை. கடற்புல் மேயும் பாலூட்டி அது. நாளொன்றுக்கு 30, 40 கிலோ தின்னும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். அந்த நேரத்தில் வேகப்படகு வந்தால் விசிறி அறுத்துவிடும். பல ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதால், ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கடினம். இதற்காகவே 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். அதை நம்பிப் போகாதீர்கள்.

ஆனி, ஆடியில் தென்கடல் கொந்தளிக்கும். தை, மாசி நல்லது. வலசை வந்த பூநாரைகளும் அப்போது தனுஷ்கோடிப் பக்கம் நிற்கும்.

நம் மலையில் கரடியைத் துரத்திப் போய் யாரும் பார்ப்பதில்லை. அங்கேயும் அதே மரியாதைதான். "இன்னும் கிட்ட விடுங்கண்ணே" என்று படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். ஆழமில்லாத இடத்தில் விசிறி கடற்புல்லை வேரோடு பிடுங்கும், நங்கூரம் பவளத்தை உடைக்கும். கரையொதுங்கிய பவளத் துண்டையும் பையில் போடாதீர்கள்; 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் புலிக்கு நிகரான காப்பு.