அத்தையின் கடைக்கு எந்த மென்பொருள்?

பள்ளி முடிந்து அத்தையின் மசாலாக் கடைக்குப் போகிறீர்கள். ஜனவரி மாதத்தின் கடைசி வாரம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கட்டுக் கட்டாகப் பற்றுச்சீட்டுகள், ஒரு கால்குலேட்டர், ஆறிப்போன தேநீர். தீபாவளிக் கூட்டம் அலைமோதிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கணக்கை, 31ஆம் தேதிக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் இணையம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அத்தை நிமிர்ந்து பார்த்துக் கேட்கிறார்: “உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே கண்ணு. இதுக்கு ஒரு நல்ல சாஃப்ட்வேர் சொல்லேன்.”

கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது புதிய கேள்வியாக இருக்காது. உடனே கைப்பேசியில் தேடி, அதிக நட்சத்திரங்கள் வாங்கிய ஒன்றைக் காட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தாக்கல் தாமதமானால் அத்தைக்கு உடனடியாக 200 வெள்ளி அபராதம். அதன் பிறகு கழியும் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் மேலும் 200 வெள்ளி. ஒரு படிவத்துக்கு இது 10,000 வெள்ளி வரை ஏறலாம். தவறான எண் போய்ச் சேர்ந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அத்தைதான். மென்பொருளை விற்றவர் அல்ல.

ஆகவே அறிவியல் கூடத்தில் செய்வதையே இங்கும் செய்வோம். அது எப்படி இயங்குகிறது என்று முதலில் புரிந்துகொள்வோம். பிறகு சோதித்துப் பார்ப்போம்.

எட்டுக் கட்டங்கள்

ஜிஎஸ்டி எனப்படும் பொருள், சேவை வரி சிங்கப்பூரில் 1994 ஏப்ரல் 1ஆம் தேதி 3 விழுக்காட்டில் தொடங்கியது. இன்று அது 9 விழுக்காடு. ஆண்டுக்கு ஒரு மில்லியன் வெள்ளிக்குமேல் வரிக்குரிய விற்பனை உள்ள தொழில்கள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் குறைவாக இருப்பவை விரும்பினால் பதிவு செய்யலாம்.

பதிவு பெற்ற கடை பொதுவாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எஃப்5 என்ற படிவத்தைத் தாக்கல் செய்கிறது. அந்தப் படிவத்தின் இதயம் முதல் எட்டுக் கட்டங்கள். முதல் நான்கில் விற்பனை: 9 விழுக்காட்டு வரி உள்ளவை, ஏற்றுமதி போன்ற சுழிய விகித விற்பனை, விலக்குப் பெற்றவை, மூன்றின் கூட்டுத்தொகை. ஐந்தாவதில் வரிக்குரிய கொள்முதல். ஆறாவதில் வாடிக்கையாளர்களிடம் வசூலித்த வரி. ஏழாவதில் கடை தன் கொள்முதலுக்குச் செலுத்தித் திரும்பக் கோரும் வரி. ஆறிலிருந்து ஏழைக் கழித்தால் எட்டு. அதுதான் கட்ட வேண்டிய தொகை.

கணக்கு இவ்வளவுதான் என்றால் மென்பொருள் எதற்கு? நல்ல கேள்வி. ஆணையத்தின் மைடேக்ஸ் போர்ட்டல் தளத்தில் கட்டணமின்றி நேரடியாகவே எண்களை நிரப்பித் தாக்கல் செய்யலாம். கடினமான வேலை எட்டுக் கட்டங்களை நிரப்புவது அல்ல. ஆயிரக்கணக்கான பற்றுச்சீட்டுகளை அந்த எட்டுக் கட்டங்களுக்குள் சரியாகப் பிரித்துப் போடுவதுதான் கடினம். மென்பொருளை எடைபோட வேண்டிய இடமும் அதுதான்.

10 வெள்ளி 90 காசில் வரி எவ்வளவு?

அத்தையின் கடையில் ஒரு மல்லித்தூள் பொட்டலம் வரியுடன் 10.90 வெள்ளி. இதில் வரி எவ்வளவு? 10.90இல் 9 விழுக்காடு என்று கணக்கிட்டால் 98 காசு வரும். அது தவறு. 10 வெள்ளிப் பொருளுக்கு 90 காசு வரி சேர்ந்துதான் 10.90 ஆனது. வரியுடன் உள்ள விலையை 9/109 ஆல் பெருக்க வேண்டும்.

வித்தியாசம் வெறும் 8 காசுதானே என்று நினைக்கலாம். காலாண்டில் இப்படி 10,000 பொட்டலங்கள் விற்றால் அத்தை 800 வெள்ளியை வீணாகக் கட்டுவார். விலை வரியுடனா, வரிக்கு முன்னா என்பதை மென்பொருளின் அமைப்பில் ஒருமுறை தவறாகத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒவ்வொரு விற்பனையிலும் அதே பிழை சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப நடக்கும். மனிதர் களைத்துப்போய்ச் சில இடங்களில் தவறுவார். கணினி களைக்காமல் எல்லா இடங்களிலும் தவறும்.

கணினிக்குக் காசு தெரியாது

உங்கள் கணினியில் பைத்தான் இருந்தால் 0.1 + 0.2 என்று தட்டிப் பாருங்கள். விடை 0.3 அல்ல, 0.30000000000000004. கணினி கெட்டுப்போகவில்லை. நம் பத்தடிமான முறையில் 1/3 எப்படி 0.3333… என்று முடிவில்லாமல் நீள்கிறதோ, அப்படியே கணினியின் இரும முறையில் 1/10 என்பது 0.000110011… என்று முடியாமல் நீள்கிறது. கணினி அதை ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். வெட்டிய துண்டுதான் கடைசியில் எட்டிப் பார்க்கும் அந்த 4.

நல்ல கணக்கு மென்பொருளை எழுதுபவர்கள் இதை அறிவார்கள். 10.90 வெள்ளியை 1,090 காசு என்று முழு எண்ணாகவே சேமிப்பார்கள். அல்லது தசம எண்களுக்கென்றே உள்ள தனி முறையைப் பயன்படுத்துவார்கள்.

அடுத்தது முழுமையாக்கல். வரிக்கு முன் 1.05 வெள்ளி விலையுள்ள மூன்று பொருள்கள் ஒரே சீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வரி 9.45 காசு, தனித்தனியாக முழுமையாக்கினால் 9 காசு, மூன்றுக்கும் 27 காசு. மொத்தம் 3.15 வெள்ளிக்குக் கணக்கிட்டால் 28.35 காசு, அதாவது 28 காசு. எது சரி என்பதைவிட, கல்லாப்பெட்டியும் கணக்கு மென்பொருளும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றனவா என்பதே முக்கியம். ஒன்று 27 என்றும் மற்றது 28 என்றும் சொன்னால், மாதக் கடைசியில் அந்த ஒற்றைக் காசைத் தேடியே அத்தையின் இரவு கழியும்.

இன்னொரு வியப்பு: பைத்தானிடம் 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் 3 வராது, 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண்களை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுவது அதன் வழக்கம். பள்ளியில் நாம் படிக்கும் முறை வேறு. ஒரு மென்பொருள் எந்த முறையில் முழுமையாக்குகிறது என்று விற்பனையாளரிடம் தயங்காமல் கேட்கலாம்.

விகிதம் மாறும், தேதி மாறாது

ஜிஎஸ்டி 2007இல் 7 விழுக்காடு ஆனது. 2023 ஜனவரி 1ஆம் தேதி 8, 2024 ஜனவரி 1ஆம் தேதி 9. 2023 டிசம்பரில் 8 விழுக்காட்டு வரியுடன் விற்ற பொருளை வாடிக்கையாளர் ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால், திருப்பித் தர வேண்டிய வரி 8 விழுக்காடா, 9 விழுக்காடா? வசூலித்தது 8, திருப்புவதும் 8தான்.

விகிதத்தை ஒரே ஓர் எண்ணாக வைத்திருக்கும் மென்பொருளில் 8ஐ அழித்து 9 என்று எழுதினால் பழைய கணக்கும் சேர்ந்து குழம்பும். விகிதத்தோடு தேதியையும் சேர்த்துச் சேமிக்கும் மென்பொருள் குழம்பாது.

படமா, தரவா?

ஒரு விலைப்பட்டியலை பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பினால் அது ‘மின்னியல்’ ஆகிவிடுமா? மனிதருக்கு அது விலைப்பட்டியல். கணினிக்கோ ஏறத்தாழ ஒரு படம். வாங்குபவரின் அலுவலகத்தில் யாராவது அதைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்கிறார்கள். 1,090 அங்கே 1,900 ஆகலாம்.

இதற்குத் தீர்வாக ஐரோப்பாவில் பிறந்தது பெப்போல் என்ற கட்டமைப்பு. 2018இல் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், ஐரோப்பாவுக்கு வெளியே முதல் தேசிய பெப்போல் அமைப்பாகியது. இங்கே அந்தச் சேவையின் பெயர் இன்வாய்ஸ்நவ். அஞ்சலகத்தைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் மென்பொருள், அத்தையின் அஞ்சலகம், வாங்குபவரின் அஞ்சலகம், வாங்குபவரின் மென்பொருள் என நான்கு முனைகள். பெயர், தேதி, தொகை, வரி எல்லாம் தனித்தனிப் பெயரிட்ட தரவாகப் போவதால் நடுவில் யாரும் மறுபடி தட்டச்சு செய்வதில்லை. இப்போது அந்தத் தரவின் நகல் வரி ஆணையத்துக்கும் போகும் ஏற்பாடு தொடங்கியுள்ளது. 2025 நவம்பர் 1 முதல், புதிதாகத் தொடங்கப்பட்டு விருப்பத்தின் பேரில் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 2026 ஏப்ரல் 1 முதல், விருப்பத்தின் பேரில் புதிதாகப் பதிவு செய்யும் எல்லாருக்கும் கட்டாயம்.

அத்தை பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்தவராக இருக்கலாம். ஆனாலும் இன்று வாங்கும் மென்பொருள் இன்வாய்ஸ்நவ்வுடன் இணையக்கூடியதா என்று பார்ப்பது நல்லது.

எண்ணின் கால்தடம்

“எக்செல் போதாதா?” என்று மாமா கேட்பார். சிறிய கடைக்குப் போதலாம். ஆனால் கருவியின் எல்லை தெரிந்திருக்க வேண்டும். 2020இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 16,000 கொவிட்-19 தொற்றுச் சம்பவங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயின. பழைய எக்செல் கோப்பு வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை என்பதே காரணம். அந்தக் கோப்புக்குள் பார்த்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்திருக்கும்.

எக்செலில் ஒரு கட்டத்தை அழித்து வேறு எண் எழுதினால், அதை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்ற தடம் பெரும்பாலும் நிற்பதில்லை. நல்ல கணக்கு மென்பொருளில் ஆறாவது கட்டத்தின் எண்ணைச் சொடுக்கினால், அந்த எண்ணை உருவாக்கிய ஒவ்வொரு பற்றுச்சீட்டு வரையிலும் இறங்கிப் போகலாம். பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே இன்னொரு கேள்வியும் அவசியம்: மாதச் சந்தாவை நிறுத்தினால் பழைய தரவு முழுவதையும் வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், அந்த 5 ஆண்டுகளும் அத்தை சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

உள்நாட்டு வருவாய் ஆணையம் தன் தொழில்நுட்ப விதிகளுக்கு ஏற்ற கணக்கு மென்பொருள்களின் பட்டியலை வெளியிடுகிறது. தேடலை அங்கிருந்து தொடங்குங்கள். சில மென்பொருள்கள் எஃப்5 படிவத்தை நேரே ஆணையத்துக்கு அனுப்பும். எண்களைப் பார்த்து எழுதும்போது வரும் பிழை அங்கே இல்லை.

செய்து பாருங்கள்: ஏழு வரிச் சோதனை

பட்டியலில் இருந்து இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, இலவச முன்னோட்டக் காலத்தில் இந்தக் கற்பனைக் காலாண்டை உள்ளிடுங்கள்.

1. உள்ளூர் விற்பனை, வரிக்கு முன் 20,000 வெள்ளி.
2. ஆஸ்திரேலிய உணவகம் ஒன்றுக்கு ஏற்றுமதி, 3,000 வெள்ளி.
3. பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம் சரக்கு, வரிக்கு முன் 8,000 வெள்ளி.
4. பதிவு பெற்ற உரிமையாளருக்குக் கடை வாடகை, வரிக்கு முன் 2,000 வெள்ளி.
5. ஜிஎஸ்டிக்குப் பதிவு பெறாத ஒருவரிடம் வாங்கிய பைகள், 500 வெள்ளி.
6. அத்தையின் சொந்தக் காருக்குப் பெட்ரோல், வரியுடன் 109 வெள்ளி.
7. வாடிக்கையாளர் திருப்பித் தந்த உள்ளூர்ச் சரக்கு, வரிக்கு முன் 100 வெள்ளி.

முதலில் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். விற்பனை வரி 1,800. திருப்பியதற்கு 9 போக 1,791. இது ஆறாவது கட்டம். கொள்முதல் வரி 720 கூட்டல் 180, ஆக 900. இது ஏழாவது. பதிவு பெறாதவர் வரி வசூலிக்க முடியாது என்பதால் பைகளுக்குக் கோர எதுவும் இல்லை. சொந்தக் காரின் செலவுக்குரிய வரியைக் கோர விதி அனுமதிப்பதில்லை. எட்டாவது கட்டம்: 891 வெள்ளி.

திரையில் 891 வராவிட்டால் வித்தியாசமே காரணத்தைச் சொல்லும். 9 குறைந்தால் பெட்ரோல் நுழைந்துவிட்டது. 9 கூடினால் திருப்பிய சரக்கு விடுபட்டது. 45 குறைந்தால் பைகளுக்கும் வரி போட்டிருக்கிறது. 270 கூடினால் ஏற்றுமதியை உள்ளூர் விற்பனை என்று எண்ணிவிட்டது.

இந்தப் பிழைகளில் பல மென்பொருளுடையவை அல்ல, உள்ளிட்டவருடையவை என்பதையும் கவனிப்பீர்கள். பெட்ரோல் காருக்கா, சரக்கு வேனுக்கா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அத்தைக்குத்தான் தெரியும். அதை அவரிடம் தெளிவாகக் கேட்கும் மென்பொருளே அவருக்கு ஏற்றது. ஆகவே சோதனையின் இரண்டாம் பாதியை நீங்கள் செய்யாதீர்கள். அத்தையை உட்காரவைத்து அதே ஏழு வரிகளை அவரையே உள்ளிடச் சொல்லுங்கள். எந்தத் திரையில் அவர் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. “என் சிங்பாஸ் கடவுச்சொல்லைத் தர்றேன், நீயே அனுப்பிடு” என்று அவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். கார்ப்பாஸ் முறையில் படிவத்தைத் தயாரிப்பவர், அதற்கு ஒப்புதல் தருபவர் என்று தனித்தனிப் பொறுப்புகளை ஒதுக்கலாம். நீங்கள் சோதிக்கலாம், விளக்கலாம், பக்கத்தில் உட்காரலாம். எட்டாவது கட்டத்தின் எண் எங்கிருந்து வந்தது என்று அத்தையால் சொல்ல முடிகிற நாளில், அனுப்பும் பொத்தானை அவரே அழுத்தட்டும்.