கட்டுமான மனைக்கு ஒரு நடமாடும் காவல்

2022 ஏப்ரல் 4 அன்று, பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி தனி மாவட்டமாக உருவானது. அங்கும் சித்தூரிலும் தனி வீடுகளையும் சிறு கடைகளையும் கட்டித் தருவோரில் பலர், நான்கைந்து ஆட்களை வைத்துத் தொழில் நடத்தும் மேஸ்திரிகள். ஒரே வேளையில் இரண்டு மூன்று மனைகளில் அவர்களுக்கு வேலை நடக்கும். பொழுது சாய்ந்ததும் டிரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின், வைப்ரேட்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைத் தகரக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்புவர். மனைதோறும் வாட்ச்மேன் வைக்க வருமானம் இடம் தராது.

காலையில் பூட்டு உடைந்து கிடந்தால் இழப்பு மெஷினின் விலையோடு நிற்பதில்லை. அன்றைய வேலை நின்றுபோகும்; வந்த ஆட்களுக்குக் கூலி தர வேண்டியிருக்கும்; மெஷினை வாடகைக்கு எடுக்க நேரும். கடனில் வாங்கிய கருவியாயின் சுமை இன்னும் கூடும். 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையிலும் பிணையின்றிக் கடன் கிடைக்கிறது. ஆனால் கருவி களவுபோனதால் தவணை நின்றுவிடாது. ஆகவே கருவியை வாங்கத் திட்டமிடும்போதே அதைக் காக்கவும் திட்டமிடுவது நலம்.

காவல்துறை காட்டிய வழி

ஆந்திரக் காவல்துறை பூட்டிய வீடுகளுக்கென ஒரு கண்காணிப்புத் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. வெளியூர் செல்லும் குடும்பத்தினர் செல்பேசிச் செயலியில் தகவல் தந்தால், காவலர்கள் வந்து வீட்டினுள் அசைவை உணரும் கேமராவை வைப்பர். ஆள் நுழைந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே எச்சரிக்கை செல்லும். குடும்பம் திரும்பியதும் கேமரா வேறொரு வீட்டுக்குப் போகும். சுவரைத் துளைக்காமல், தேவைப்படும் இடத்துக்கு எடுத்துச் செல்லும் காவல் இது.

இத்திட்டம் வீடுகளுக்கானது. எனினும் மேஸ்திரிக்கும் இதே முறை பொருந்தும். ஒரு மனையில் வேலை முடிந்ததும் கருவிகளோடு காவலும் அடுத்த மனைக்குச் செல்ல வேண்டுமல்லவா?

என்ன வாங்கலாம்?

சிம் கார்டில் இயங்கும் அலாரம் எளிய தொடக்கம். அசைவை உணரும் சென்சார், கதவு திறந்தால் அறியும் சென்சார், சைரன், பேட்டரி ஆகியவை அதில் இருக்கும். யாரேனும் நுழைந்தால் சைரன் ஒலிக்கும். நாம் பதிந்து வைத்த எண்களுக்கு அழைப்பும் வரும். மின் இணைப்பு இல்லாத மனைக்கு, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் சிம் கேமரா உதவும்.

நம் பகுதியின் வெயிலையும் கருத்தில் கொள்ள வேண்டும். இவ்வகை சென்சார் மனித உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அசைவை அறிகிறது. கோடையில் தகரக் கொட்டகை உடல் வெப்பத்தின் அளவுக்குக் கொதித்தால் அதன் கூர்மை குறையும். ஆகவே கூரைத் தகட்டை ஒட்டி வைக்காமல், நுழைபவர் குறுக்கே நடந்து செல்லும் திசையை நோக்கிப் பொருத்துவது நல்லது. கதவு சென்சாருக்கு வெப்ப வேறுபாடு தேவையில்லை. எனவே இரண்டையும் சேர்த்து வைப்பதே உறுதி. திறந்தவெளியில் வைத்தால் நாயும் பூனையும் அலாரத்தை எழுப்பும். பலமுறை பொய்யாக ஒலித்த சைரனை எவரும் பொருட்படுத்த மாட்டார்.

சிம் கார்டின் ரீசார்ஜ் முடிந்துபோனால் கருவி ஊமையாகிவிடும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து, அழைப்பு வருகிறதா எனச் சோதித்துப் பாருங்கள். மனைக்கு அருகில் வசிக்கும் ஒருவரின் எண்ணையும், அவருடைய சம்மதத்துடன், பதிந்து வையுங்கள். தொலைவில் இருக்கும் நம்மைவிட அவரால் விரைவில் அறிந்து சொல்ல முடியும். திருடனை நேரில் எதிர்கொள்ள வேண்டாம். 112-ஐ அழைப்பதே முறை.

பூட்டின் மதிப்பு

காப்பீடு எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கன்னக்களவுக் காப்பீட்டில், வலுக்கட்டாயமாக நுழைந்து திருடியதற்கே இழப்பீடு என்பது வழக்கமான நிபந்தனை. யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் தொடர்ந்த வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் பாலிசியின் வாசகத்தையே அளவுகோலாகக் கொண்டு இந்நிபந்தனையை உறுதிசெய்தது. பூட்டாத கொட்டகையிலிருந்து போன மெஷினுக்கு அத்தகைய பாலிசியில் இழப்பீடு கிடைப்பது அரிது. சாதாரணத் திருட்டும் அடங்குமா, மனை மாறினால் பாலிசி செல்லுமா என்பவற்றைப் பிரீமியம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஒரு குறிப்பேடு போதும்

களவுபோன மெஷின் மீட்கப்பட்டாலும், அது தம்முடையது என்று மெய்ப்பிக்க வேண்டும். ஒவ்வொரு கருவியின் சீரியல் எண், வாங்கிய நாள், விலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பில்லையும் படத்தையும் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் உடலில் உங்கள் குறியீட்டைப் பொறித்துவிடுங்கள். அழிக்க முடியாத குறியுள்ள பொருளை விற்பது கடினம். பிரிட்டனில் 2023-இல் இயற்றப்பட்ட உபகரணத் திருட்டுத் தடுப்புச் சட்டமும் பொருளைக் குறியிடுவதை ஒரு வழியாகக் கொண்டுள்ளது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பொருள்களைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடத்திலோ கூடாரத்திலோ திருடினால், 305-ஆம் பிரிவின்படி அது 7 ஆண்டு வரை ஆகலாம். சம்பவம் எந்த எல்லையில் நிகழ்ந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். மின்னணு வழியில் புகார் அளித்தால் 3 நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். சித்தூரில் குடியிருந்து திருப்பதியில் வேலை செய்வோருக்கு இது பெரும் வசதி.

திருப்பதி கங்கையம்மன் ஜாத்திரை, காணிப்பாக்கம் பிரம்மோற்சவம், சங்கராந்தி ஆகிய நாள்களில் ஆட்கள் ஊருக்குச் சென்றுவிடுவர்; மனைகள் வெறிச்சோடும். அப்போது கையில் எடுத்துச் செல்லக்கூடிய கருவிகளை வீட்டுக்குக் கொண்டுசெல்வதே சிறந்தது. எஞ்சியவற்றுக்கு உறுதியான பூட்டும், விழித்திருக்கும் அலாரமும், எண்கள் பதிந்த குறிப்பேடும் துணை நிற்கட்டும். இம்மூன்றில் மிகக் குறைந்த செலவுடையது குறிப்பேடு. அதை இன்றே தொடங்கலாம்.